புள்ளலூர் 1780: பொம்மை வீரர்களை எந்த அளவில் செய்வது? 28ஆ, 15ஆ, 10ஆ?

பாலாற்றுக்கரை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. நானும் என் நண்பனும் சேர்ந்து வார்கேம் (பொம்மைப் படைகளை மேசையில் வைத்து ஆடும் போர் விளையாட்டு) ஆடுபவர்களுக்கான மினியேச்சர் வரிசை ஒன்றைத் தொடங்கப் போகிறோம். காலம் இரண்டாம் மைசூர்ப் போர், 1780 முதல் 1784 வரை. முதலில் செய்ய நினைப்பது காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10-ஆம் தேதி நடந்த சண்டை. ஆங்கிலப் புத்தகங்களில் பொள்ளிலூர் என்று வருமே, அதேதான். குண்டூரிலிருந்து வந்த கர்னல் பெய்லியின் கும்பினிப் படை, பிறகு வந்து சேர்ந்த துணைப்படையையும் கூட்டினால் சுமார் 3,800 பேர், ஹைதரும் திப்புவும் சுற்றி வளைத்ததில் அப்படியே அழிந்தது. நெப்போலியனுக்கு நூறு நிறுவனங்கள் பொம்மை செய்கின்றன, நம் ஊர் வயல்வெளியில் நடந்த இவ்வளவு பெரிய சண்டைக்கு ஒரு முழு வரிசை வர வேண்டும் என்பது என் பல வருட ஆசை.

நண்பன் கணினியில் சிற்பம் செய்கிறான், என்னிடம் ரெசின் 3டி பிரிண்டர் இருக்கிறது. திட்டத்தில் இருப்பவர்கள்: மைசூர் வாணக்காரர்கள் (போரில் ராக்கெட் விடுபவர்கள்), மைசூர்க் காலாட்படை, குதிரைப்படை, கும்பினிச் சிப்பாய்கள், 73-ஆம் ஹைலாண்டர்கள் (ஸ்காட்லாந்துப் படைப்பிரிவு), பீரங்கிகள், அவற்றை இழுக்கும் காளைகள், அப்புறம் வெடிமருந்து வண்டிகள்.

சிக்கல் என்னவென்றால் ஸ்கேல், அதாவது ஒரு ஆள் எத்தனை மில்லிமீட்டர் உயரம் என்பது. மூன்று மாதமாக இதிலேயே நிற்கிறோம். ஒரே வாணக்காரரை 28, 15, 10 என்று மூன்று அளவில் பிரிண்ட் செய்து, பெயின்ட் அடித்து, சாப்பாட்டு மேசையில் வைத்து, டியூப்லைட் வெளிச்சத்தில் நின்றபடி பார்த்தேன். 28-இல் மீசை தெரிகிறது, கையில் இருக்கும் வாணத்தின் இரும்புக் குழாயும் அதை மூங்கிலோடு கட்டிய தோல்வாரும் தெரிகின்றன. 15-இல் குழாய் தெரிகிறது, தோல்வார் தெரியவில்லை. 10-இல் அவர் ஈட்டிக்காரரா வாணக்காரரா என்றே சொல்ல முடியவில்லை. ஆனால் பத்து மில்லி வீரர்கள் முப்பது பேரை ஒன்றாக வைத்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, அது படை மாதிரி இருந்தது. 28-இல் பன்னிரண்டு பேரை வைத்தால் பன்னிரண்டு பேர் நிற்பதாகத்தான் தெரிகிறது.

எங்களால் ஒரு அளவில்தான் தொடங்க முடியும். எதை எடுப்பது, எந்தக் கணக்கில் எடுப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


ஆறுமில்லி எழுதியது:

மீசையை விடுங்கள், முதலில் மேசையைப் பாருங்கள். பெரும்பாலானோரிடம் இருப்பது ஆறடிக்கு நாலடி மேசை, நம் ஊர் அடுக்குமாடி வீடுகளில் அதுவே அதிகம். ஒரு மில்லிமீட்டர் ஒரு மீட்டர் என்று வைத்தால் அதில் அடங்கும் நிலம் சுமார் 1.8 கிலோமீட்டருக்கு 1.2 கிலோமீட்டர். ஏரிக்கரை, ஊர், பனந்தோப்பு, சதுரமாக நிற்கும் பெய்லியின் படை, சுற்றி வரும் குதிரைகள், எல்லாம் அதற்குள்தான் நடந்தாக வேண்டும்.

இப்போது ஒரு சிப்பாய்ப் பட்டாளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 600 பேர் மூன்று வரிசையாக நின்றால் முன்வரிசையில் 200 பேர். தோளோடு தோள் நிற்பவருக்கு ஐம்பத்தைந்து அறுபது சென்டிமீட்டர் இடம். ஆக அந்தப் பட்டாளத்தின் அகலம் ஏறக்குறைய 115 மீட்டர், மேசையில் பதினொன்றரை சென்டிமீட்டர். 28 மி.மீ. வீரனுக்கு 20 மி.மீ. அகல பேஸ் (நிற்கும் அடித்தட்டு) வேண்டும், அப்படியானால் ஒரு பட்டாளத்துக்கு ஐந்து பேர்! 15-இல் பதினொரு பேர். 10-இல் பதினெட்டு இருபது பேர். 6-இல் முப்பதுக்குக் கிட்ட வரும். ஐந்து பேர் ஒரு பட்டாளமா, முப்பது பேர் ஒரு பட்டாளமா?

28-இல் ஆடுபவர்கள் இதைச் சமாளிக்க நிலத்தின் ஸ்கேலைப் பெரிதாக்குகிறார்கள், அதாவது சண்டையின் ஒரு மூலையை மட்டும் ஆடுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் நீங்கள் புள்ளலூரைச் செய்வதாகச் சொல்கிறீர்கள். சுற்றி வளைத்ததுதான் அந்தச் சண்டையே. வளைப்பதற்கு வெளியில் இடம் வேண்டும், குதிரைகள் நாலு பக்கமும் ஓட வேண்டும். 28-இல் செய்தால் குதிரைகள் மேசையின் விளிம்பிலேயே நின்றுகொண்டிருக்கும்.

என் ஓட்டு 10. மனசு பெரிதாக இருந்தால் 6.


தேன்மெழுகு எழுதியது:

தம்பி, நான் சுவாமிமலைப் பக்கம். வீட்டில் பஞ்சலோக வார்ப்பு வேலை, எனக்கு மினியேச்சர் பத்து வருடப் பழக்கம். ஆறுமில்லி சொன்ன கணக்கு சரி. ஆனால் எத்தனை மில்லி என்று முடிவு செய்யும் முன்னால் வேறு ஒன்றை முடிவு செய்ய வேண்டும்: எந்த உடலமைப்பு, எங்கிருந்து எங்கே அளக்கிறீர்கள்.

எங்கள் தொழிலில் சிலை எத்தனை அங்குலம் என்பது இரண்டாவது கேள்விதான். தென்னையோலையை நறுக்கி, சிலையின் உயரத்துக்கு எடுத்து, மடித்து மடித்துப் பங்கு பிரிப்போம். முகத்தின் நீளம் ஒரு தாளம். பெருமாளுக்கும் சிவனுக்கும் உத்தம தசதாளம், 124 அங்குலப் பங்கு. பிள்ளையாருக்குப் பஞ்சதாளம். ஒரு சாண் உயரப் பெருமாளும் ஆறடிப் பெருமாளும் பக்கத்தில் நின்றால் இருவரும் பெருமாள்தான். அதே சாண் உயரத்தில் தாளத்தை மாற்றினால் வேறு தெய்வம் ஆகிவிடும்.

இந்த மினியேச்சர்களிலும் அதுவேதான் நடக்கிறது. கடையில் கிடைக்கும் பல 28 மி.மீ. வீரர்களை அளந்து பாருங்கள், மொத்த உயரம் ஆறு தலைக்கும் குறைவு. நிஜ மனிதன் ஏழு, ஏழரைத் தலை. தலையும் கையும் பெரிது, துப்பாக்கி தடி மாதிரி. ஹீரோயிக் என்கிறார்கள். மூன்றடி தூரத்திலிருந்து முகம் தெரியட்டும், வார்ப்பில் கை உடையாமல் வரட்டும் என்று செய்தது, அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் அப்படிப்பட்டவன் பக்கத்தில் அளவான உடம்புள்ளவனை நிறுத்தினால் இரண்டு பேரும் 28 என்றாலும் ஒருவன் பெரியவன், இன்னொருவன் சின்னப் பையன்.

அப்புறம் அளக்கும் இடம். சிலர் பாதத்திலிருந்து கண் வரை அளக்கிறார்கள், சிலர் உச்சந்தலை வரை. சிப்பாய்க்குத் தலைப்பாகை வேறு இருக்கிறது, அதனால் உச்சி வரை அளப்பது உதவாது. 165 சென்டிமீட்டர் ஆளுக்குக் கண் சுமார் 154-இல் இருக்கும். 1/100 என்று எடுத்தால் கண் வரை பதினைந்தரை மில்லி, உச்சி வரை பதினாறரை. அதனால்தான் ஒருவர் 15 என்று விற்பது இன்னொருவரின் 18 பக்கத்தில் நிற்கிறது. முன்பு ஒரு நிறுவனத்திடம் 15 என்று வாங்கிய குதிரைகளை இன்னொரு நிறுவனத்தின் 15 வீரர்களுக்குக் கொடுத்தேன், ஏறி உட்கார்ந்தவனின் கால் தரையைத் தொட்டது. ஒரு மாதப் பெயின்ட் வேலை வீண்.

அதனால் மில்லியில் பெயர் வைக்காதே. 28-க்கு 1/56, 15-க்கு 1/100, 10-க்கு 1/160 என்று விகிதத்தில் வை. நண்பன் முதல் ஆளைச் செய்யும்போதே எத்தனை தலை உயரம் என்று எழுதி ஒட்டி வைக்கட்டும். ஐந்து வருடம் கழித்துக் குதிரைப்படை செய்யும்போதும் அந்தத் தாள் சுவரில் இருக்க வேண்டும்.


வெள்ளீயம் எழுதியது:

நான் உலோகத்தில் வார்ப்பவன், அதனால் என் பார்வை பட்டறைப் பார்வை.

உயரம் பாதியானால் உலோகம் பாதியாகும் என்று புதிதாக வருபவர்கள் நினைக்கிறார்கள். நீளம், அகலம், தடிமன் மூன்றுமே குறைகின்றன. 28-ஐ 15 ஆக்கினால் உலோகம் ஆறில் ஒரு பங்குக்கு வந்துவிடும், 10 ஆக்கினால் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே. வெள்ளீயம் இன்று விற்கிற விலைக்கு இது சின்ன விஷயம் இல்லை, வெளிநாட்டுக்குத் தபால் செலவும் எடையை வைத்துத்தான். ஆனால் வேலை அதே அளவுக்குக் குறைவதில்லை. சிற்பம் செய்ய, அச்செடுக்க, பிசிறு தேய்க்க, பாக்கெட் போட ஆகும் நேரம் கொஞ்சம்தான் குறையும். ஆகவே சின்ன அளவில் தனித்தனி ஆளாக விற்காதீர்கள், வரிசையாகவோ நாலைந்து பேர் சேர்ந்த துண்டாகவோ வாருங்கள்.

துப்பாக்கியைப் பற்றி: அந்தக் காலத்து மஸ்கெட் ஒன்றரை மீட்டர் நீளம், குழாயின் வெளிவிட்டம் இரண்டு சென்டிமீட்டர் சொச்சம். 1/56-இல் அது 0.4 மி.மீ., 1/100-இல் 0.2 மி.மீ. இரண்டுமே வார்ப்பில் நிற்காது, ரெசினிலும் நகம் பட்டால் போய்விடும். எந்த அளவாக இருந்தாலும் தடிமனாக்கத்தான் வேண்டும். 1/100-இல் அரை மில்லிக்குக் குறையாமல் வைத்து, தோளில் சாய்த்தோ உடம்போடு ஒட்டியோ போஸ் கொடுங்கள். பயனெட்டைக் காற்றில் நீட்டி வைத்த வீரர்கள் படத்தில் அழகாக இருப்பார்கள், வாங்கியவர் வீட்டுக்கு உடைந்து போவார்கள்.

இங்கேதான் இன்னொன்று. பிரிண்ட் செய்யும் கணினிக் கோப்பாக விற்கப் போகிறோம், வாங்குபவர் தனக்கு வேண்டிய அளவுக்குச் சுருக்கிக்கொள்ளட்டும், ஸ்கேலே முடிவு செய்ய வேண்டாம் என்று யாராவது உங்களுக்குச் சொல்வார்கள். கேட்காதீர்கள். 28-க்குச் செய்த சட்டை மடிப்பு 10-க்குச் சுருங்கும்போது பெயின்ட்டுக்கு அடியில் மறைந்துவிடும், 10-க்குச் செய்ததை 28-க்குப் பெருக்கினால் சப்பாத்திக் கட்டையால் உருட்டியது போல் இருக்கும். ஒவ்வொரு அளவுக்கும் எதைத் தூக்கிக் காட்டுவது, எதை விடுவது என்று செய்பவன் கையால் முடிவு செய்தாக வேண்டும்.

உலோகத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால் ஒரு எச்சரிக்கை. மூலப் பொம்மையிலிருந்து முதல் அச்சு, அதில் வார்த்ததிலிருந்து உற்பத்தி அச்சு என்று இரண்டு முறை எடுக்கும்போது சில சதவீதம் சுருங்கும். மூலத்தைக் கொஞ்சம் பெரிதாகச் செய்து வையுங்கள். ரப்பர் அச்சைச் சூடேற்றி அழுத்தும்போது சாதாரண ரெசினில் செய்த மூலப் பொம்மை நொறுங்கிவிடும், சூடு தாங்கும் ரெசினாக வாங்குங்கள்.

கடைசியாகக் காளைகள். நீங்கள் போகிற போக்கில் ஒரு வார்த்தை எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள், உங்கள் ஸ்கேலை முடிவு செய்யப்போவதே அவைதான். சுமாரான பீரங்கிக்கு ஆறு ஜோடி என்று குறைவாகவே வைப்போம். ஒரு ஜோடிக்கு மூன்று மீட்டர், பீரங்கிக்கு நாலு, மொத்தம் 22 மீட்டர். 1/56-இல் அது 39 சென்டிமீட்டர். ஒரே ஒரு பீரங்கி! மேசையின் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. 1/100-இல் 22, 1/160-இல் 14, 1/300-இல் ஏழு சென்டிமீட்டர். கனமான பீரங்கி என்றால் இதைவிட அதிக ஜோடிகள்.


தேம்ஸ்கரை எழுதியது:

லண்டனில் இருந்து எழுதுகிறேன். ஒவ்வொரு வருடமும் இங்கே நடக்கும் சல்யூட் வார்கேம் கண்காட்சிக்குப் போவேன், வாங்குபவர் பக்கத்திலிருந்து சில வார்த்தைகள்.

மேலே எல்லோரும் சிறிய அளவின் பக்கம் சாய்கிறீர்கள். ஆனால் இங்கே கூட்டம் அதிகம் நிற்பது 28 மி.மீ. கடைகளில்தான், அதை மறக்க வேண்டாம். 28-இல் இன்னொரு வசதி: பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயப் படைகள் ஏற்கெனவே பல நிறுவனங்களிடம் கிடைக்கின்றன. அமெரிக்கச் சுதந்திரப் போருக்காகப் பெரி சகோதரர்கள் செய்த வரிசையிலிருந்து ஐரோப்பிய வீரர்களைக் கொஞ்சம் மாற்றியமைத்து எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் மைசூர்ப் படையையும் சிப்பாய்களையும் மட்டும் செய்தால் போதும், பாதி வேலை மிச்சம். சின்னக் குழுவுக்கு இது பெரிய விஷயம்.

அதேசமயம் காற்று மாறுவதும் உண்மை. வார்லார்ட் கேம்ஸ் அமெரிக்க உள்நாட்டுப் போருக்கும் வாட்டர்லூவுக்கும் 13.5 மி.மீ. என்று புது அளவில் பிளாஸ்டிக் வரிசைகளைக் கொண்டு வந்தார்கள், ஆளைத் தனித்தனியாக வெட்டாமல் வரிசை வரிசையாகவே வரும். பெண்ட்ராக்கன் நிறுவனம் 10-இலும் பாக்கஸ் நிறுவனம் 6-இலும் பல வருடமாக நன்றாகத்தான் நடத்துகிறார்கள். ஒரு மாலையில் முழுப் பட்டாளத்துக்குப் பெயின்ட் அடித்து முடிக்கலாம் என்பது வேலைக்குப் போகும் ஆட்களுக்குப் பெரிய ஈர்ப்பு.

பெயின்ட் அடிப்பவனாக ஒரு கருத்து. புலிவரிச் சட்டை போட்ட மைசூர் வீரனைத்தான் வெளிநாட்டுக்காரர்கள் எதிர்பார்ப்பார்கள். நான் அந்தச் சட்டையைத் திப்பு பட்டத்துக்கு வந்த 1782-க்குப் பிந்திய வீரர்களுக்குத்தான் கொடுப்பேன், ஹைதர் காலத்துப் புள்ளலூருக்குக் கொடுக்க மாட்டேன். 1799 ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வரிசையை நீட்டும்போது அது தேவைப்படும். அந்த வரியை 28-இல் ஒவ்வொன்றாக வரையலாம், 15-இல் ஊதா நிறத்தின் மேல் நுனித் தூரிகையால் சின்னச் சின்னப் புள்ளி வைத்தாலே கண் அதை வரியாகப் படித்துக்கொள்ளும், 10-இல் ஆளுக்கு மூன்று புள்ளிக்கு மேல் இடம் இல்லை.

என் ஓட்டு 28. இல்லையென்றால் 15. அதற்குக் கீழே போனால் இந்தப் படை மைசூர்ப் படை என்று தெரியவைப்பது கடினம்.


பாலாற்றுக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தேன்மெழுகு அண்ணா, தாளக் கணக்கைப் படித்துவிட்டு என் நண்பன் அன்று இரவே செய்துவைத்த ஆட்களை எல்லாம் அளந்தான். முதல் ஆள் ஆறேகால் தலை, ஏழாவது ஆள் ஏழு தலை! ஆறு மாதத்தில் அவன் கை தானாகவே மாறியிருக்கிறது, எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. இப்போது ஏழு தலை என்று முடிவு செய்து எழுதி ஒட்டிவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் புள்ளலூருக்குப் போய் வந்தோம். வயலுக்கு நடுவே இரண்டு நினைவுத் தூண்கள் நிற்கின்றன, அவை 1781-இல் அதே இடத்தில் நடந்த அடுத்த சண்டையில் இறந்த கும்பினி அதிகாரிகளுக்கு. 1780-இல் செத்தவர்களுக்கு எதுவும் என் கண்ணில் படவில்லை. வரப்பில் நின்று பார்த்தால் நிலம் தட்டையாகக் கிடக்கிறது, மறைவு என்று சொன்னால் மரங்களும் ஏரிக்கரையும்தான். அங்கே நின்றபோதுதான் ஆறுமில்லி சொன்னது உறைத்தது. அந்த வெளியில் நாலு பக்கமும் குதிரை, நடுவில் வெடிமருந்து வண்டி வெடித்துச் சிதறுகிறது, ஓட இடமில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் அரண்மனைச் சுவரோவியத்திலும் அதைத்தான் வரைந்திருக்கிறார்கள்: சதுரத்துக்குள் பல்லக்கில் பெய்லி, வெடிக்கும் வண்டி, சுற்றிலும் குதிரைகள். அந்தச் சுவரைப் பார்ப்பவர் எவரும் தனி ஒருவரின் மீசையைப் பார்த்துவிட்டுப் போவதில்லை.

ஆனால் 10-க்குப் போக மனம் வரவில்லை, காரணம் வாணம். லண்டன் வூல்விச் பீரங்கிப்படை அருங்காட்சியகத்தில் இருந்த மைசூர் வாணங்களின் இரும்புக் குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளம், ஆறு சென்டிமீட்டர் குறுக்களவு. 1/100-இல் அது இரண்டரை மில்லி நீளம், 0.6 மில்லி தடிமன். எதையும் மிகைப்படுத்தாமலே கண்ணுக்குத் தெரிகிறது, பிரிண்டரும் அதைச் சுத்தமாகக் கொடுக்கிறது. 1/160-இல் ஒன்றரை மில்லி, நான் பார்த்தபடி ஈட்டி முனை மாதிரி ஆகிவிடுகிறது. 2018-இல் சிவமொக்கா மாவட்டம் நகராவில் ஒரு பாழுங்கிணற்றிலிருந்து ஆயிரம் வாணங்களுக்கு மேல் எடுத்தார்களே, அந்தச் செய்தியைப் படித்த அன்றுதான் இந்த வரிசையைச் செய்ய வேண்டும் என்றே எனக்குத் தோன்றியது. வாணம் தெரியாத மைசூர்ப் படையை என்னால் விற்க முடியாது.

ஆக 1/100. பெட்டியின் மேல் விகிதம்தான் இருக்கும், கூடவே பாதத்திலிருந்து கண் வரை பதினைந்தரை மில்லி என்று அச்சிடுவோம். காலாட்படை நாலு பேர் கொண்ட துண்டாக, தோளில் துப்பாக்கி. வாணக்காரர்கள் மட்டும் தனித்தனி ஆளாக, ஒருவர் குனிந்து திரியில் நெருப்பு வைப்பார், ஒருவர் தோளில் கட்டோடு நடந்து வருவார். தேம்ஸ்கரை, உங்கள் கருத்தை நான் தள்ளவில்லை. 28-இல் ஒரு சின்னத் தொகுப்பை, ஐந்தாறு வாணக்காரர்களை மட்டும், தனியாகச் சிற்பம் செய்து பிறகு கொண்டு வருவோம், சுருக்கியோ பெருக்கியோ அல்ல.

ஒரே ஒரு சந்தேகம் மீதி. காளைகளை ஆறு ஜோடியும் வைத்து 22 சென்டிமீட்டருக்குச் செய்வதா, மூன்று ஜோடியோடு நிறுத்துவதா?


வெள்ளீயம் எழுதியது:

மூன்று ஜோடி பெட்டியில் போடுங்கள், கூடுதல் ஜோடிகளைத் தனிப் பாக்கெட்டாக விற்றுவிடுங்கள். நுகத்தடியை எல்லா ஜோடிக்கும் ஒரே மாதிரி செய்து, ஒன்றன் பின் ஒன்றாகக் கோர்க்கும்படி கொக்கி வையுங்கள். மேசையில் பீரங்கி நகரும்போது முழு நீளம், சுடும்போது மாடுகளை எடுத்துவிடலாம்.

கொம்பைக் கவனியுங்கள். மைசூர்ப் பக்கத்து அமிர்தமகால் இனக் காளை என்றால் கொம்பு நீண்டு, பின்னோக்கிப் போய், நுனி கூராக இருக்கும். 1/100-இல் அது ஆறு மில்லி வரை வரும், அப்படியே விட்டால் ஒடியும். திமிலோடு சேர்வது போல் லேசாகச் சாய்த்துவிடுங்கள்.


தேன்மெழுகு எழுதியது:

ஆமாம், ஓடுகிற மாடு தலையைத் தூக்கும்போது கொம்பு திமிலை நோக்கித்தான் போகும், அதனால் பார்க்கவும் இயல்பாக இருக்கும். முதல் காளை பிரிண்ட் ஆனதும் பக்கவாட்டில் ஒரு படம் போடு தம்பி, பக்கத்தில் ஒரு சிப்பாயை நிறுத்தி எடு.